காலடியில் நின்ற சிலுவை

நவம்பர் இரண்டாம் தேதி பட்டணத்துக் கல்லறைத் தோட்டங்களுக்குப் போய்வருவதில் ஒரு சிரமமும் இல்லை. வாசலிலேயே பூ கிடைக்கும், மெழுகுவத்தி கிடைக்கும், வீடு திரும்ப ரிக்‌ஷா நிற்கும். தங்கள் ஆளைக் கிராமத்தில் புதைத்துவிட்டுப் பட்டணத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் ஆயிரம் கேள்விகள்: எந்த பஸ், பூவை எங்கே வாங்குவது, மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது. இந்த ஆண்டு, 1983-இல், முதல் முறையாகக் கல்லறைத் திருநாளன்றே ஒரு கிராமத்துக் கல்லறைக்குப் போய்வந்தேன். என்னைப் போல் போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

ஊர் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று தங்கை வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

என் தங்கை கிரேஸ் அங்கேதான் இருக்கிறாள். நாங்கள் புராட்டஸ்டன்ட் குடும்பம். அவள் கட்டிக்கொண்ட அந்தோணி கத்தோலிக்கர். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்யாணமாகிப் போன ஊரிலேயே கோயில் பள்ளிக்கூடத்தில் கிரேஸ் டீச்சராகச் சேர்ந்தாள். குழந்தை இல்லை. நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு நவம்பர் மழையில், மஞ்சள் காமாலை முற்றி இறந்துபோனாள். செய்தி கிடைத்து நான் கிளம்பிய பஸ் படப்பையோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் சாலை தண்ணீருக்குள் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஈர மண் குவியலும் ஒரு மரச்சிலுவையும்தான் மிச்சம்.

அதன்பின் வருடம் ஒருமுறை, ஏதாவதொரு சனிக்கிழமை போய்ப் பூ வைத்துவிட்டுப் பொழுதோடு திரும்பிவிடுவேன். கல்லறைத் திருநாளன்று போனதில்லை. எங்கள் சபையில் அந்த நாளைக் கொண்டாடுவதில்லை. கர்த்தரிடம் போய்விட்டாள் என்று சொல்லிக்கொள்வோம். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த முறை போனதற்குக் காரணம் அந்தோணிதான். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேப்பேரியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைக் கொடுத்தேன். ஆடை படியும்வரை குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணி, எனக்கு ஒரு பொண்ணு பேசறாங்க” என்றார்.

“நல்லதுதானே மாப்பிள்ளை. முப்பத்தெட்டு வயசுல தனியா எத்தனை நாளைக்கு?”

“அது இல்ல அண்ணி. கிரேஸு தலமாடு கால்மாடா படுத்துகினு கீறா.”

மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இதை நான் உங்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், பின்னால் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

அந்த ஊரில் இறந்தவர்களைக் கிழக்கே கால் நீட்டிப் படுக்க வைப்பார்கள். ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார், அன்றைக்கு எழுந்து உட்கார்ந்தால் நேரே அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. கல்லறைத் தோட்டத்தின் வாசல் மேற்கே இருக்கிறது. பெட்டியைக் கால் பக்கம் முன்னால் இருக்கும்படி தூக்கி வந்து, வாசலில் நுழைந்து கிழக்கே நடந்து, அப்படியே குழிக்குள் இறக்கிவிடுவார்கள். திருப்பவே வேண்டியதில்லை. பல காலமாக அப்படியே நடக்கிறது. ஆனால் கிரேஸை எடுத்த அன்று ஏரித் தண்ணீர் நிரம்பி வழிந்து வாசலில் இடுப்பளவு நின்றது. வயல் வரப்பைச் சுற்றிக்கொண்டு போய், கிழக்குச் சுவரில் இருந்த உடைப்பு வழியாகப் பெட்டியைக் கொண்டுபோனார்கள். மேற்கே பார்த்து நடந்தார்கள். வழக்கம்போலத் திருப்பாமல் இறக்கினார்கள். பெட்டி அவசரத்தில் அடித்த நீளச் சதுரப் பெட்டி, தலைப்பக்கம் அகலம் என்று எதுவும் இல்லை. அதன்மேல் தார்ப்பாய் வேறு. அந்தோணிக்கு அன்று கண்ணே தெரியவில்லை. சிலுவையை மட்டும் வரிசையில் மற்றவர்களுக்கு நட்டதுபோல மேற்கே நட்டுவிட்டார்கள்.

நான்கு வருடம் யாருக்கும் இது தோன்றவில்லை. போன மாதம் சுவர் உடைப்பை அடைக்கும்போது, குழி வெட்டும் சின்னப்பன் செங்கல்லை வைத்துக்கொண்டே, “இந்தச் சந்து வழியாத்தான் நம்ம டீச்சரம்மாவத் தூக்கினு வந்தோம்” என்றாராம். சொன்னவர் கரணையைக் கீழே வைத்துவிட்டாராம். பக்கத்தில் கலவை பிசைந்துகொண்டிருந்தது அந்தோணி.

“எங்க கோயில் சாமியார்கிட்ட கேட்டேன் அண்ணி. பொறந்த வூட்டுக்காரங்க சம்மதம் சொன்னா மேலிடத்துல அனுமதி கேக்கறேன்னாரு. தோண்டித் திருப்பி வெச்சிடலாம். அத்த செய்யாம நான் இன்னொரு தாலிய கையால தொட மாட்டேன். எல்லாரும் எழுந்து கிழக்க பாக்கசொல்ல அவ மட்டும் முதுகக் காட்டிகினு நிப்பாளா?”

நான் ஒரு மகளிர் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமில் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. “கல்லறைத் திருநாளுக்கு வரேன் மாப்பிள்ளை. பார்த்துட்டு அங்கேயே சொல்றேன்” என்றேன்.

உண்மையைச் சொன்னால், சரி என்று சொல்லவே எனக்கு ஆசையாக இருந்தது. காரணம் அந்தோணியின் காரணம் அல்ல. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மண் திறந்தால் எதையாவது பார்ப்பேன். ஒரு புடவைக் கரை, ஒரு கொத்து முடி. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இனிப் பயணம். காலை ஆறு ஐந்துக்கு எழும்பூரில் மின்சார ரயில் ஏறினால் ஏழுக்கு முன்பே தாம்பரம். பூவைத் தாம்பரத்திலேயே வாங்கிவிடுங்கள், ஒரகடத்தில் அன்று எதுவும் கிடைக்காது. தீபாவளி வாரமானதால் செவ்வந்தி முழம் ஒரு ரூபாய் சொன்னார்கள். பேரம் பேசாமல் வாங்கினேன். தங்கைக்குப் பேரம் பேசி வாங்கிய பூவை வைக்க மனம் வரவில்லை.

தாம்பரத்தில் மேம்பாலத்துக்கு மேற்குப் பக்கம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் ஏற வேண்டும். ஒரகடம் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் ஒன்றே முக்கால் ரூபாய், வழியில் எங்கும் நிற்காவிட்டால் ஒரு மணி நேரம். எங்கள் பஸ் எல்லா இடத்திலும் நின்றது. புதுத்துணிப் பைகள், பட்டாசுப் பெட்டிகள், கால் கட்டிய இரண்டு சேவல்கள். என் மடியில் பூக்கூடை, கையில் மெழுகுவத்திக் கட்டு.

கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்தார். “இன்னாமா, கல்லறைக்கா?”

“ஆமாம். ஒரகடம் ஒண்ணு.”

“வத்திய கெட்டியா புடிச்சிக்கோ. பக்கத்துல கீற பெரியவர் மடில லச்சுமி வெடி வெச்சிகினு கீறாரு. ரெண்டும் சேந்துச்சுன்னா பஸ்ஸோட நேரா மேல பூடுவோம்.”

பெரியவர், “எனக்கு டிக்கெட் வாலாஜாபாத் வரைக்கும்தான்பா” என்றார். பின் சீட்டுவரை சிரிப்பு போனது.

படப்பையைத் தாண்டும்போது வெளியே பார்த்தேன். நான்கு வருடங்களுக்கு முன் நான் நின்றுபோன இடம் இப்போது காய்ந்த சாலை. இரண்டு பக்கமும் பச்சை நாற்று. அந்த இடத்தைக் கடக்க பஸ்ஸுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரகடத்தில் இறங்கினால் நாற்சந்தி, புளியமரங்கள், இரண்டு டீக்கடை. தெற்கே சிங்கப்பெருமாள்கோயில், வடக்கே ஸ்ரீபெரும்புதூர். வடக்கே போகும் பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டர் போய்க் கல் உடைக்கும் இடத்தில் இறங்கி, ஏரிக்கரை மேல் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். சென்னையிலிருந்து நேராக ஸ்ரீபெரும்புதூர் வந்து தெற்கே இறங்கி வருவதும் நடக்கும், ஆனால் சுங்குவார்சத்திரம் போகும் கூட்டத்தோடு நின்றுகொண்டு வர வேண்டியிருக்கும். கரையில் வழுக்காத செருப்பு அவசியம். நான் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கல்லறைத் தோட்டம் பெரியதல்ல. அறுபது, எழுபது கல்லறை இருக்கும். அன்று அது ஒரு பெரிய வீட்டுக் கொல்லைப்புறம்போல இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு கல்லறையைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டோ சுண்ணாம்பு அடித்துக்கொண்டோ இருந்தது. வாசலில் ஒருவர் பொரியும் ஒருவர் குச்சி ஐஸும் விற்றார்கள். குழந்தைகள் சமாதி மேல் ஏறி உட்கார்ந்து ஐஸ் தின்றன, யாரும் அதட்டவில்லை. எங்கள் சபைக் கல்லறையில் நாங்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவோம். இங்கே ஒரு பெண் தன் மாமனார் கல்லறையைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே, “உயிரோட இருக்கசொல்ல ஒரு நாள் நவுந்து குடுத்திருப்பியா நீ” என்று திட்டிக்கொண்டிருந்தாள். இறந்தவர்களை அவர்கள் இன்னும் ஊர்க் கணக்கில் வைத்திருந்தார்கள்.

கிரேஸின் கல்லறைக்கு யாரோ முன்பே வந்திருந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மட்டையால் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். முன்னங்கைவரை வெள்ளை.

“நீங்க யாரும்மா?” என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. கிரேஸின் மூக்குதான் எனக்கும். மட்டையைக் கீழே வைக்கவும் இல்லை, தொடர்ந்து அடிக்கவும் இல்லை.

“நானா... அந்தோணிக்கு ஒரு பொண்ணு பேசறாங்கன்னு சொன்னாங்களா, இல்லியா?”

“சொன்னாங்க.”

“அது நான்தாங்க.”

நான் கூடையை வைத்துவிட்டு இன்னொரு மட்டையை எடுத்துக்கொண்டேன். அவள் பெயர் லூர்து மேரி. பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆயா. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைத் தாண்டிவிட்டாளாம். அந்தோணிக்கு முதல் ஷிஃப்ட், வந்து சேர மூன்று மணியாகும் என்றாள். ஆளுக்கு ஒரு பக்கம் அடித்தோம்.

“நீங்க எதுக்கு வந்து இதைச் செய்றீங்க, லூர்து?”

“சும்மா வூட்டுக்குள்ள போய் உக்கார முடியுமா அக்கா? மொதல்ல வூட்டுக்காரியப் பாத்து ஒரு வார்த்த சொல்ல வாணாமா?” பிறகு குரலை இறக்கினாள். “தோண்டறதா பேசிகினு கீறாங்களே. ஒங்க தங்கச்சி, ஒங்க இஷ்டம். நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. நான் ஆஸ்பத்திரில எல்லாத்தையும் பாத்தவ. மூடி வெச்சத தொறந்து பாத்தவங்களுக்கு அப்புறம் அதுதான் கண்ணுல நிக்கும். இப்ப அந்த மனுஷன் கண்ண மூடினா அவங்க மொகம் தெரியுதாம். என்கிட்டயே சொல்றாரு, வெக்கமே இல்லாம. அது அவருக்கு இருந்துட்டுப் போட்டுமே.”

நான் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தேன். தேவைக்கு மேல் தோய்த்தேன். எனக்கும் ஒரு முகம் இருந்தது. அவள் இறந்த வருடம் ஈஸ்டருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கதவுக்குப் பின்னால் நின்று முடியைக் கோதிக்கொண்டே எதற்கோ சிரித்த முகம். கடைசி முகம் கிடைக்கவில்லை என்று நான்கு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருப்பதே கடைசி முகம்தான் என்று அன்றுவரை நினைத்துப் பார்க்கவில்லை.

மதியம் லூர்து கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பும் சோறும். வேப்பமர நிழலில், எங்கள் பின்னால் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைக் கல்லறைகளோடு சாப்பிட்டோம். பசியோடு நிறைவாகச் சாப்பிட்டேன். இதைக் குறிப்பிடக் காரணம், கையில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள், ஊரில் ஹோட்டல் கிடையாது.

மூன்றேகாலுக்கு அந்தோணி காக்கிச் சட்டையோடு வந்தார். எங்கள் இருவரையும் ஒரே இடத்தில் பார்த்ததும் திகைத்துப்போய், சுண்ணாம்பு வாளியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். பிறகு அதையே தூக்கி இந்தப் பக்கம் வைத்தார்.

நான்கு மணிக்குப் பங்குச் சாமியார் வந்து கல்லறைகளை மந்திரித்தார். மந்திரிப்பது என்றால் எங்களுக்கு வேறு நினைவு வரும். அவர்கள் பேச்சில் அது ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பது. வரிசை வரிசையாக வந்தார். ஒவ்வொரு கல்லறையிலும் நின்று, இங்கே இருப்பவருக்கு நித்திய இளைப்பாற்றி வேண்டினார். ‘இளைப்பாற்றி’ என்ற சொல்லை அன்றுதான் நின்று கேட்டேன். நாங்கள் ‘நித்திய ஜீவன்’ என்போம். எங்கள் சொல்லில் ஓட்டம் இருக்கிறது, அவர்கள் சொல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்குவது இருக்கிறது. முப்பத்தாறு பிள்ளைகளோடு காலை முதல் மாலைவரை கத்தியவளுக்கு முதலில் இளைப்பாறுதல் வேண்டியதுதான் என்று தோன்றியது.

எங்கள் முறை வந்தது. தீர்த்தம் தெளித்து முடித்துவிட்டுச் சாமியார் என்னைப் பார்த்தார். வயதானவர், காலில் ரப்பர் செருப்பு. “நீங்கதானே அக்கா? என்னம்மா தீர்மானம்? எழுதணும்னா நாளைக்கே எழுதிடறேன்.”

அந்தோணி தலைகுனிந்து நின்றார். லூர்து இரண்டடி தள்ளி, கையில் காய்ந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது.

நான் வாயைத் திறக்குமுன் சின்னப்பன் தொண்டையைக் கனைத்தார். ஒரு மாதமாகக் குற்றவாளிபோலத் திரிந்தவர். “சாமி, நான் ஒண்ணு சொல்லட்டா? இந்தத் தோட்டத்துல மேக்க மொகம் வெச்சி இன்னொரு ஆளும் கீறாரு. அதோ, அந்த வெள்ளக்காரச் சாமியாரு.”

மூலையில் ஒரு பழைய சமாதி. பூர்வீகத்தில் அந்தக் கோயிலைக் கட்டிய பாதிரியாருடையது. சிலுவை கிழக்கே இருந்தது.

“அது குருக்களுக்கு உள்ள மொறைப்பா” என்றார் சாமியார். “சனங்க எழுந்து கிழக்க பாக்கும்போது, சாமியார் எழுந்து தன் சனத்தப் பாக்கணும்னு அப்படி வெப்பாங்க.”

“அதான் சொல்றேன். டீச்சரம்மாவுக்கு ஜோடிக்கு ஆளு கீது.”

“யோவ், அவங்க இன்னா பூசையா வெச்சாங்க?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்.

லூர்து நகம் சுரண்டுவதை நிறுத்தினாள். “பூச வெக்கல. பாடம் வெச்சாங்களே? கிளாஸ்ல புள்ளைங்க எல்லாம் ஒரு பக்கம் பாத்து உக்காந்திருந்தா, டீச்சர் எந்தப் பக்கம் பாத்து நிப்பாங்க? இங்க நிக்கறவங்கள்ல பாதி பேரு அவங்ககிட்ட அடி வாங்கினவங்கதான, டீச்சர் செத்தப்புறமும் நம்மளத் திரும்பிப் பாத்துகினே கீறாங்க போல!”

கல்லறைத் தோட்டம் முழுக்கச் சிரிப்பு. சாமியாரே சிரித்துவிட்டார். “டீச்சருக்குக் குருப்பட்டம் குடுத்துட்டியே லூர்து. மேலிடத்துல ஆயர்கிட்ட நான் என்ன பதில் சொல்றது?”

அந்தோணி மட்டும் சிரிக்கவில்லை. “சாமி, எல்லாம் சரி. ஆனா ஆண்டவர் வர்றது கிழக்க இருந்துதான. அவரு வரசொல்ல இவ முதுகக் காட்டிகினு...” அப்போதுதான் எனக்கு அவருடைய பயம் முழுதாகப் புரிந்தது. அது திசையைப் பற்றிய பயம் அல்ல. தான் கவனிக்காமல் விட்டதால் அவள் அந்த ஒரு நிமிடத்தைத் தவறவிட்டுவிடுவாளோ என்ற பயம். நானும் ஒன்றைத் தவறவிட்டவள்தான், படப்பையில் நின்றுகொண்டு.

ஞாயிறுதோறும் எங்கள் சபையில் சரீர உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று எழுந்து நின்று சொல்லி வந்திருக்கிறேன். அந்தச் சரீரத்துக்கு ஒரு முதுகு உண்டு, ஒரு முகம் உண்டு என்று யோசித்ததில்லை. இந்த மனிதர் யோசித்திருந்தார். அவருக்குப் பதில் சொல்ல அவர் நம்பிக்கைக்குள்ளேயே போய் நின்றுதான் ஆகவேண்டும். நின்று பார்த்தேன். கிழக்கே வெளிச்சம். எல்லோரும் எழுகிறார்கள். கிரேஸ் மேற்கே பார்த்து எழுந்து, தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் சரியாக நிற்கிறார்களா என்று பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் ஆண்டவர் வருகிறார்.

“மாப்பிள்ளை,” என்றேன், “அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டா இவ திரும்ப மாட்டாளா?”

அந்தோணி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் உதடு ஒரு பக்கம் மெல்ல ஏறியது.

“ஒரு தடவ கூப்ட்டா திரும்ப மாட்டா அண்ணி. ரெண்டு தடவ கூப்டணும். எனக்குத் தெரியும்.”

“அப்போ ரெண்டு தடவ கூப்பிடட்டும். அவருக்கு அன்னைக்கு வேற என்ன அவசரம்?”

அவர் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். நான் சாமியாரிடம், “எழுத வேண்டாம் ஃபாதர். பிறந்த வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அவள் அப்படியே இருக்கட்டும்” என்றேன். சொன்ன பிறகு நெஞ்சில் ஒரு வலியை எதிர்பார்த்தேன். வரவில்லை.

சிலுவையை மாற்றுவதற்கு மட்டும் யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றார் சாமியார். சின்னப்பன் அப்போதே கடப்பாரை எடுத்து வந்தார். மேற்கே இருந்ததைப் பிடுங்கிக் கிழக்கே நட்டார். அந்தோணி கல் முட்டுக் கொடுத்தார். லூர்து மண்ணை மிதித்து இறுக்கினாள். சாமியார் மீதித் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். நான் பூவை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து, தலைமாட்டில் வைத்தேன். காற்றில் மெழுகுவத்தி அணைந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் குடும்பம் அடி வெட்டிய ஒரு டால்டா டப்பாவைக் கொடுத்தது. அதற்குள் வைத்ததும் நின்று எரிந்தது.

ஐந்தரைக்கு அந்தோணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, லூர்துவும் நானும் நடந்து, சாலைக்கு வந்தோம். ஒரே சாலையில் மூன்று பேரும் சேர்ந்து நடப்பதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லாதது எனக்கே ஆச்சரியம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் அவர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் ஜனவரி என்று பேச்சு. எங்கள் பக்கம் இரண்டாம் தாரமாக வருகிறவளுக்கு முதல் தாரத்தின் பிறந்த வீட்டில்தான் கூறைப் புடவை எடுப்பார்கள், அவளும் அந்த வீட்டுப் பெண் என்பதால். லூர்துவிடம் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன்.

“சுண்ணாம்பு பட்டா தெரியாத கலரா எடுங்க அக்கா. வருசா வருசம் அடிக்கணுமே” என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கையில் பொருக்குப் பொருக்காகச் சுண்ணாம்பு. நித்திய ஜீவன் என்பதை இத்தனை வருடம் ஒரு தூரத்து ஊர்போல நினைத்துவந்தேன், நல்ல ஊர்தான், ஆனால் போனவர்கள் யாரும் வந்து சொல்லாத ஊர். அன்று அதை எழுபது பேர் படுத்திருக்கும் ஒரு தோட்டத்தில், விடிந்ததும் யார் எந்தப் பக்கம் பார்த்து எழுவார்கள் என்று சண்டைபோடும் அளவுக்குப் பக்கத்தில் பார்த்தேன். என் நம்பிக்கை பெரிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு விலாசம் கிடைத்திருக்கிறது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். மந்திரிப்பு மாலை நான்கு மணி, ஆனால் காலையிலேயே போய்விடுங்கள், வேலை இருக்கும். நீற்றிய சுண்ணாம்பு ஊரிலேயே தருவார்கள், மட்டை மட்டும் கொண்டுபோங்கள். குடை கட்டாயம். காற்றுக்கு மறைப்பாக இரண்டு பக்கமும் வெட்டிய தகர டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்துக்குக் கடைசி பஸ் ஒரகடத்தில் எட்டரை என்கிறார்கள், அதை நம்பாமல் ஏழு மணி பஸ்ஸைப் பிடியுங்கள்.

இன்னொன்று. உட்கார்ந்து பேசத் தொடங்குமுன் உங்கள் ஆளின் தலை எந்தப் பக்கம் என்று குழி வெட்டியவரைத் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் நான்கு வருடமாகக் கிரேஸின் கால்களிடம் வீட்டுச் சேதி சொல்லிவந்திருக்கிறேன். கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். இருந்தாலும் இந்த முறை காதுப் பக்கம் உட்கார்ந்து, லூர்து மேரியைப் பற்றி முதலிலிருந்து சொன்னேன்.